பாலைவனச் சோலையில் ஒரு குழாய்!



பாலைவனச் சோலை என்றதும் நம் மனசில் என்ன படம் ஓடும்? சுற்றிலும் மணல், நடுவில் நாலு பேரீச்ச மரம், ஒரு குளம், கரையில் தண்ணீர் குடிக்கும் ஒட்டகம். சினிமாவில் கதாநாயகன் தாகத்தோடு தவழ்ந்து வருவார். கிட்டே போனால் கானல் நீர்! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிஜமான சோலை ஒன்றை நேரில் பார்த்த பிறகுதான் என் நினைப்பு எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. அந்தப் பயணத்தையும், அங்கே நான் தெரிந்துகொண்ட பூமிக்கு அடியிலான விஷயத்தையும் நம் ஆண்டு மலரில் எழுதலாம் என்று இந்த முயற்சி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன். வகுப்பில் எல்லோரும் என்னை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டு வயசைக் கூட்டுகிறீர்களே, அதற்குக் காரணம் உண்டு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 2021ல் ஜோர்டான் நாட்டுக்குப் போய், ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருஷம் தையல் மிஷின் மெக்கானிக்காக வேலை பார்த்தேன். திருப்பூர்ப் பக்கத்துப் பையனுக்கு ஓவர்லாக் மிஷினைப் பற்றிப் புதுசாகச் சொல்லித் தரவா வேண்டும்! அங்கே சேர்த்த காசில்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அவ்வளவு தூரம் போனேன் என்ற கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எருமையைப் பார்த்தோம்!

ஜோர்டானில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. எங்கள் தொழிற்சாலை டுலைல் என்ற இடத்தில் இருந்தது. தலைநகர் அம்மானுக்கு வடகிழக்கே, பாலைவனத்தின் ஓரம். வெள்ளிக்கிழமை ஆனால் துணி துவைப்பது, ஊருக்குப் போன் பேசுவது, தூங்குவது என்று பொழுது போய்விடும். 2023 மார்ச் மாதம் முதல் வெள்ளி. எங்கள் ஸ்டோரில் வேலை பார்த்த ராமநாதபுரத்து அண்ணன் வந்து எழுப்பினார்.

"என்னடா தம்பி, எந்நேரமும் தூக்கம்தானா? எந்திரி. அஸ்ராக்னு ஒரு எடம் இருக்காம். பாலைவனத்துக்கு நடுவுல குளமாம், பறவையாம். வண்டி சொல்லியாச்சு, ஆள் ஒண்ணு கொறையுது."

ஆக, ஆள் கணக்குக்காகத்தான் நான் போனேன். ஒரு காரில் டிரைவரோடு ஐந்து பேர்.

அஸ்ராக் என்பது அம்மானுக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் உள்ள ஊர். அரபியில் அந்தச் சொல்லுக்கு நீலம் என்று பொருள். வழியெல்லாம் நான் தேடிய மணல் மேடு ஒன்றுகூட இல்லை. தட்டையான பூமி. பல இடங்களில் தரை முழுக்கக் கறுப்புக் கற்கள். யாரோ ஒரு மலையை உடைத்துச் சுட்டு அப்படியே இறைத்துவிட்ட மாதிரி! அவை எரிமலைக் குழம்பு ஆறி உண்டான பாசால்ட் கற்கள். இந்தக் கற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே வருஷம் முழுக்கப் பெய்யும் மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம்மூரில் ஐப்பசியில் ஒரே ராத்திரி அவ்வளவு பெய்துவிடும் நாளும் உண்டு.

அஸ்ராக் நீர்நிலைக் காப்பகத்தின் வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். ஒரு வழிகாட்டி கூட வந்தார். மரப்பலகை போட்ட நடைபாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நாணல். திடீரென்று நாணல் விலகி, தண்ணீர்! குளம் குளமாகத் தெளிந்த தண்ணீர். நாமக்கோழி நீந்துகிறது. தட்டான் பறக்கிறது. தூரத்தில் ஒரு நாரை ஒற்றைக் காலில் தவம் செய்கிறது. பாசியும் சேறும் கலந்த அந்த வாசனை அப்படியே எங்கள் ஊர்க் குளத்து வாசனை. இரண்டு வருஷமாக அந்த வாசனையை நான் மறந்தே போயிருந்தேன்.

அடுத்து வந்தது பாருங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்: "எருமை!" நிஜ எருமைதான். தண்ணீரில் கழுத்தளவு முங்கிக்கொண்டு நம்மூர் எருமை மாதிரியே யாரையும் மதிக்காமல் பார்த்தது. பாலைவனத்தில் எருமை எப்படி? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகசஸ் மலைப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்து இங்கே குடியேறிய செச்சென் மக்கள் கொண்டுவந்த இனமாம். அதே காலத்தில் வடக்கிலிருந்து துரூஸ் மக்களும் வந்து குடியேறினார்கள். தெற்கே செச்சென் ஊர், வடக்கே துரூஸ் ஊர். இரண்டுக்கும் சோறு போட்டது இந்தத் தண்ணீர்.

அந்தச் சத்தம்

மெக்கானிக் புத்தி என்று ஒன்று இருக்கிறது தோழர்களே. கண் எதைப் பார்த்தாலும் காது மிஷின் பக்கமே இருக்கும். ஒரு குளத்தின் ஓரத்தில் சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம். "பாத்தியாடா, ஊத்து!" என்று அண்ணன் சந்தோஷமாக ஓடினார். நானும் ஓடினேன். நாணலை விலக்கிப் பார்த்தால் ஒரு குழாய்! குழாயிலிருந்துதான் தண்ணீர் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஊற்று 1992ல் நின்றுவிட்டது. இது கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து எடுத்து விடும் தண்ணீர்" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போய், நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்துக் கிட்டே போனால் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. அதற்குப் பிறகு நான் பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அறைக்கு வந்த பிறகும் பல நாள் தேடிப் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

மழையே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படி?

அஸ்ராக் ஒரு பெரிய வடிநிலத்தின் நடுப்பள்ளம். அந்த வடிநிலத்தின் பரப்பு 12,000 சதுர கி.மீ.க்கும் மேல். அதன் வடக்கு விளிம்பு சிரியா நாட்டில் உள்ள ஜபல் அல் அரப் என்ற எரிமலைப் பாறை மலை. உயரமான மலை என்பதால் அங்கே மழையும் பனியும் உண்டு. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கறுப்புக் கற்கள் இங்கேதான் வேலை செய்கின்றன. பாசால்ட் பாறையில் வெடிப்புகளும் இடுக்குகளும் ஏராளம். மலையில் பெய்த தண்ணீர் அந்த இடுக்குகள் வழியே இறங்கி, பூமிக்கு அடியிலேயே மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து வருகிறது. எவ்வளவு மெல்ல? ஐசோடோப்பு முறையில் அளந்து பார்த்ததில் அந்தத் தண்ணீரின் வயசு ஆயிரக்கணக்கான வருஷம் என்று தெரிந்திருக்கிறது. ராஜராஜ சோழன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மழையாக விழுந்த தண்ணீர் அது!

நடுப்பள்ளத்தில் களிமண் படுகை இருக்கிறது. வந்த தண்ணீர் மேற்கொண்டு போக வழியில்லாமல், நீர்மட்டம் தரைமட்டத்தைத் தொடும் இடத்தில் வெளியே வழிகிறது. அதுதான் ஊற்று. ஊற்றைச் சுற்றிச் சதுப்பு. சதுப்பைச் சுற்றி உயிர்கள்.

இதை ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். நம் சிவில் துறை நண்பர்களிடம் ஒரு சிமென்ட் சட்டி கேட்டு வாங்குங்கள். அதில் மணலைப் போட்டு, ஓரம் உயரமாகவும் நடு பள்ளமாகவும் தட்டி வையுங்கள். இப்போது ஓரத்தில் மட்டும் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நடுப்பள்ளத்தில் தானாகக் குளம் பிறக்கும். அதுதான் பாலைவனச் சோலை! அடுத்து, ஓரமாக ஒரு சிரிஞ்சைச் சொருகிக் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சுங்கள். நடுக்குளம் காணாமல் போகும். மணலைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாகத்தான் இருக்கும். அடியில் தண்ணீரும் இருக்கும். ஆனால் குளம் இருக்காது.

தோழர்களே, நான் அஸ்ராக்கில் படித்த பாடம் இந்தச் சட்டிக்குள் முழுசாக இருக்கிறது. நிலத்தடித் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் சோலை சாகும் என்று நினைக்கிறோம். அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. நீர்மட்டம் சில மீட்டர் இறங்கினால் போதும், ஊற்றின் வாய் காய்ந்துவிடும். அடியில் கோடி கோடி லிட்டர் இருந்தாலும் வாத்துக்கும் மீனுக்கும் அது எட்டாது. மோட்டார் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் எட்டும்.

சோலை எப்படி வற்றியது?

அம்மான் கடல் மட்டத்திலிருந்து உயரமான குன்றுகளின்மேல் கட்டிய நகரம். பெரிய ஆறு கிடையாது. 1948லும் 1967லும் நடந்த போர்களால் பாலஸ்தீன அகதிகள் லட்சக்கணக்கில் ஜோர்டானுக்கு வந்தார்கள். 1990-91 வளைகுடாப் போரின்போது மறுபடி ஒரு கூட்டம் வந்தது. இத்தனை பேருக்கும் குடிதண்ணீர் வேண்டும். 1960களில் அஸ்ராக் தண்ணீரைக் குழாய் வழியே வெளியூருக்கு எடுக்கத் தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அம்மானுக்கென்றே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, கடல் மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள அஸ்ராக்கிலிருந்து மேட்டு நகரத்துக்குத் தண்ணீரை ஏற்றினார்கள். நாம் ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் போடும் "ஹெட்" கணக்கை அங்கே நூற்றுக்கணக்கான மீட்டரில் போட்டிருக்கிறார்கள்! இன்னொரு பக்கம், சுற்றிலும் தோட்டம் போட்டவர்கள் ஆளுக்கொரு போர் போட்டார்கள்.

மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழிந்து இறங்கும். ஒரு கிணறு என்றால் ஒரு சின்னப் புனல். மோட்டாரை நிறுத்தினால் மெல்ல நிரம்பிவிடும். பக்கம் பக்கமாகப் பல கிணறுகள் இராத்திரி பகலாக ஓடினால், புனல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அந்த வட்டாரத்தின் நீர்மட்டமே கீழே போய்விடும். அஸ்ராக்கில் நடந்தது அதுதான். அந்த வடிநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2.4 கோடி கன மீட்டர் எடுத்தால் பூமி தாங்கும் என்பது நிபுணர்கள் போட்ட கணக்கு. எடுத்ததோ 5 கோடிக்கும் மேல். சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு செலவு செய்கிற குடும்பம் எத்தனை நாள் ஓடும்?

இதில் மனசை உறுத்தும் விஷயம் ஒன்று. இந்தச் சோலையின் அருமை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1977லேயே இது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1978ல் காப்பகமும் அமைத்துவிட்டார்கள். வேலி போட்டார்கள், பலகை வைத்தார்கள். ஆனால் வேலி தரைக்கு மேலேதானே இருக்கிறது? தண்ணீர் தரைக்குக் கீழே அல்லவா போய்க்கொண்டிருந்தது! 1992ல் ஊற்றுகள் அடியோடு நின்றன.

பறவை, மீன், கற்கால மனிதன்

ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே வலசை போகும் பறவைகளுக்கு அஸ்ராக் ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி. பாலைவனத்தைக் கடக்கும் வழியில் இறங்கி, தின்று, இளைப்பாறிப் போகும் இடம். 1967 பிப்ரவரி 2ஆம் தேதி எண்ணியபோது இங்கே 3,47,000 பறவைகள் இருந்தன. 2000ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 2ஆம் தேதி எண்ணினார்கள். 1,200! மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரம் எங்கே, ஆயிரத்து இருநூறு எங்கே? தகரக் கொட்டகையாகக்கூட இல்லாமல் பஸ் ஸ்டாண்டையே எடுத்துவிட்டால் பயணி எங்கே இறங்குவார்?

பறவைக்காவது இறக்கை இருக்கிறது, வேறு இடம் தேடும். மீன் என்ன செய்யும்? அஸ்ராக்கில் ஒரு குட்டி மீன் உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். ஆண் மீனின் உடம்பில் வெள்ளி நிறத்தின்மேல் கறுப்புக் கோடுகள். உலகத்தில் வேறெங்கும் இந்த இனம் கிடையாது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்ததே 1983ல்தான். பெயர் வைத்துப் பத்து வருஷம் ஆவதற்குள் அதன் வீடு காய்ந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐந்நூறுக்கும் குறைவான மீன்களே மிஞ்சியிருந்தன. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியா போன்ற மீன்கள் வேறு அவற்றுக்கு எமனாக வந்தன.

மனிதனுக்கும் இந்த இடம் புதுசு இல்லை. இங்கே தோண்டியெடுத்த கல் ஆயுதங்களை ஆராய்ந்து 2016ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கற்களில் காண்டாமிருகம், குதிரை, ஒட்டகம், வாத்து ஆகியவற்றின் புரதம் ஒட்டியிருந்ததாம்! இரண்டரை லட்சம் வருஷமாக யாரோ ஒருவர் இங்கே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வற்றடித்ததற்கு நமக்கு முப்பதே வருஷம் போதுமாக இருந்தது.

ராமநாதபுரத்து அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "எங்க ஊர்ல கம்மா வத்துனா மறு மழைக்கு நெறஞ்சிரும்டா தம்பி. இது வத்துனா எத்தனை ஆயிரம் வருசம் காத்துக் கெடக்கணுமோ!" ஜியாலஜி படிக்காத மனுஷன். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார்.

குற்றவாளி யார்?

இந்த இடத்தில் அம்மான்காரர்களைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடித்தால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் நானும் அந்த நாட்டுத் தண்ணீரை மூன்று வருஷம் குடித்தவன். எங்கள் விடுதிக்கு டேங்கரில் தண்ணீர் வரும். அயர்ன் செய்யும் பாய்லருக்கும் தண்ணீர்தான் வேண்டும். நான் ஒருநாளும் டேங்கர் டிரைவரைப் பார்த்து "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டதில்லை. வராத நாளில் மட்டும் "ஏன் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறேன்.

போரில் வீடிழந்து கைக்குழந்தையோடு வந்து நிற்கும் தாய்க்குத் தண்ணீர் கொடுக்காதே, வாத்துக்கு வை என்று யார் சொல்ல முடியும்? 2011க்குப் பிறகு சிரியாவிலிருந்து அகதிகள் வந்தபோது, 2014ல் இதே அஸ்ராக் பக்கத்தில்தான் ஒரு பெரிய முகாம் அமைத்தார்கள். உலகிலேயே தண்ணீர் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் ஜோர்டானும் ஒன்று. 2013ல் தெற்கே டிசி என்ற இடத்திலிருந்து 300 கி.மீ.க்கும் மேல் குழாய் பதித்து அம்மானுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதுவும் ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய நிலத்தடித் தண்ணீர்தான். ஆக, தேவை நிஜம். தப்பு எங்கே என்றால், எடுக்கும்போது எவ்வளவு ஊறுகிறது, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கை எடுப்பவன் மதிக்காததுதான்.

குழாய் கொடுத்த உயிர்

ஊற்று நின்ற பிறகு ஜோர்டானின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சும்மா இருக்கவில்லை. 1994 முதல் சர்வதேச உதவியோடு மீட்பு வேலையில் இறங்கினார்கள். நான் பார்த்த குழாய் அந்த முயற்சியின் பலன். இதன் மூலம் பழைய சோலையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் திரும்ப ஈரமாக்க முடிந்தது. முழுசாக மீட்பது இனி நடக்காத காரியம். ஆனாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரிய வேலை செய்திருக்கிறது. அழியப்போன குட்டி மீனைத் தனியே வளர்த்துப் பெருக்கி மறுபடி குளத்தில் விட்டார்கள். பறவைகளில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

எருமையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். காட்சிக்காக அல்ல, வேலைக்காக! தண்ணீர் வந்ததும் நாணல் அடர்ந்து குளத்தையே மூடிவிட்டது. எருமை அதைத் தின்று, மிதித்து, வழி உண்டாக்கித் திறந்த தண்ணீரைக் காப்பாற்றுகிறது. டீசல் செலவில்லாத புல்வெட்டும் மிஷின்! என் ஏமாற்றம் அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது. ஆக்சிஜன் குழாய் கேவலம் இல்லை. அதை மாட்டிய கைகளுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஒன்று: கரண்டு நின்றால், மோட்டார் கெட்டால், இந்தச் சோலை எத்தனை நாள் தாங்கும்? இரண்டரை லட்சம் வருஷம் யார் தயவும் இல்லாமல் ஊறிய இடம் இன்று ஒரு பம்ப் ஆபரேட்டரை நம்பி இருக்கிறது.

அன்று ராத்திரி வந்த போன்

அறைக்குத் திரும்பியதும் வீட்டிலிருந்து போன். அப்பா பேசினார். "ஏஞ்சாமி, நல்லா இருக்கறயா? தென்னை மரமெல்லாம் மட்டை தொங்கிப் போச்சு. இன்னொரு முந்நூறு அடி எறக்கிப் பாத்தரலாமா? நீ பணம் அனுப்ப முடியுமா கண்ணு?"

என் அப்பாரு காலத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு 60 அடி. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். நான் பிறந்தபோது கிணற்றுக்குள் போர். பிறகு மேலேயே 400 அடி. பிறகு 750 அடி. ஒவ்வொரு அடிக்கும் கடன். நான் ஜோர்டானுக்குப் போனதே அந்த 750 அடிக் கடனை அடைக்கத்தான். கட்டுரையின் ஆரம்பத்தில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை இதுதான்.

காலையில் குழாயைப் பார்த்து வருத்தப்பட்ட நான் ராத்திரி என்ன செய்தேன் தெரியுமா? பணம் அனுப்பினேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்? அப்பா வைத்த மரங்கள் காய்கின்றன என்றால் எந்த மகனுக்கு மனசு கேட்கும்? 1,050 அடியில் தண்ணீர் வந்தது. மரம் பிழைத்தது. அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா போர் நின்றுபோனது. எங்கள் போர்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரியப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊருக்கு வந்தபோது அவர் வீட்டில் காப்பி குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே, கோவை வட்டாரம் பம்புக்குப் பேர் போனது. நம்மில் பலர் நாளைக்குப் பம்பு கம்பெனிக்கு வேலைக்குப் போவோம். போர் வண்டிக்குப் போவோம். குடிநீர்த் திட்டத்தில் சூப்பர்வைசர் ஆவோம். எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ், எவ்வளவு லிட்டர் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாம். மட்டம் எவ்வளவு என்ற கணக்கையும் நாம்தானே போட வேண்டும்?

நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய செலவு இல்லை. இரண்டு கோர் ஒயர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர். ஒயரின் கீழ் முனையில் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று படாமல் வெளியே நீட்டி, சின்ன எடை கட்டி, பத்தடிக்கு ஒரு அடையாளம் போட்டுப் போருக்குள் இறக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் சர்க்யூட் முழுமையாகிச் சத்தம் வரும். எத்தனை அடி இறங்கியது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். போரில் மோட்டார் இறக்கும்போதே கூட ஒரு அரை இஞ்ச் பிளாஸ்டிக் குழாயையும் கட்டி இறக்கிவிட்டால், ஒயர் சிக்காமல் அதற்குள் போய்வரும்.

இரண்டு அளவு எடுங்கள். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்து விடியற்காலையில் ஒன்று. அது நிலை மட்டம். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இன்னொன்று. அது ஓட்ட மட்டம். மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். நிலை மட்டம் மாதாமாதம் இறங்குகிறதா, மழைக்கு ஏறுகிறதா என்று நோட்டு சொல்லிவிடும். அப்போது, இன்னொரு முந்நூறு அடி போடலாமா, அல்லது அந்தக் காசில் சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பண்ணைக்குட்டை வெட்டலாமா என்று குருட்டாம்போக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்காது.

எங்கள் தோட்டத்திலும் பெரியப்பா தோட்டத்திலும் சேர்ந்தாற்போல ஒரு குட்டை வெட்டியிருக்கிறோம். இரண்டு தோட்டத்து அளவையும் ஒரே நோட்டில் அப்பாவும் பெரியப்பாவும் முறை வைத்து எழுதுகிறார்கள். தண்ணீர் பெருகிவிட்டதா என்றால், இல்லை. பெரியப்பா போர் இன்னும் வரவில்லை. அவருடைய நாலு வரிசை மரத்துக்கு எங்கள் போரிலிருந்துதான் தண்ணீர் போகிறது. ஆனால் மட்டம் எங்கே நிற்கிறது என்று இப்போது இரண்டு வீட்டுக்கும் தெரியும். அஸ்ராக்கில் தரைக்கு மேல் வேலி போட்டவர்கள் தரைக்குக் கீழ் விட்டுவிட்டது அதைத்தானே!

நம் கல்லூரி விடுதிக்குப் பின்னாலும் ஒரு போர் இருக்கிறது. அதன் மட்டம் என்ன என்று யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. ஒயரும் பஸ்ஸரும் என் அறையில் இருக்கின்றன. பிரின்சிபாலிடம் அனுமதி கேட்போம். வருகிறவர்கள் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை காலையில் அளந்துவிடலாம்!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை